மழலை தாமதமானால் காத்திருக்கலாமா?

கேள்வி: எங்கள் மகனுக்கு 20 மாதம். நான்கைந்து சொற்கள் மட்டுமே பேசுகிறான். கூப்பிட்டால் சில வேளைகளில்தான் திரும்பிப் பார்க்கிறான். 18 மாதத் தடுப்பூசிக்குச் சென்றபோது, கிளினிக் தாதி, ஆட்டிசத்தின் (பழகுவதையும் பேசுவதையும் பாதிக்கும் வளர்ச்சி நிலை) அறிகுறிகளைக் கேட்கும் எம்-சாட் கேள்வித்தாளை நிரப்பிப் பார்த்துவிட்டு, ஒரு நாள் குறித்து மறுபடியும் வரச் சொன்னார். “ஆண்பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான், அவன் அப்பாவும் அப்படித்தான்” என்கிறார் மாமியார். வீட்டில் தமிழ், பராமரிப்பு இல்லத்தில் மலாய் என்பதால் குழம்பிவிட்டானோ? காத்திருக்கலாமா?
- வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: காத்திருக்க வேண்டாம், தாதி குறித்த நாளிலேயே செல்லுங்கள். அந்தக் கேள்வித்தாள் உங்கள் மகனுக்கு ஆட்டிசம் என்று சொல்வதில்லை. எந்தக் குழந்தையை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று பிரித்தறியவே அது பயன்படுகிறது. இரண்டாம் முறை ஒவ்வொரு பதிலுக்கும் உதாரணம் கேட்டு விசாரிக்கும்போது, கவலைக்கு இடமில்லை என்று தெளிந்து திரும்பும் குடும்பங்கள் பல உண்டு.

ஆண்பிள்ளைகள் சராசரியாகச் சற்றுப் பிந்திப் பேசுவது உண்மைதான். ஆனால் அந்த இடைவெளி மிகச் சிறியது. மாறாக, ஆட்டிசம் பெண்பிள்ளைகளைவிட ஆண்பிள்ளைகளிடம் ஏறத்தாழ மூன்று, நான்கு மடங்கு அதிகமாகக் கண்டறியப்படுவதால், ஆண்பிள்ளை என்பதே சோதனையைத் தள்ளிப்போடக் காரணமாக முடியாது.

மொழியைப் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள். இரு மொழிகளைக் கேட்பதால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை. தமிழில் ‘பால்’ என்றும் அதையே மலாயில் ‘சூசு’ என்றும் சொன்னால் இரண்டையுமே கணக்கில் சேர்க்க வேண்டும். வீட்டில் தமிழை நிறுத்துங்கள் என்று யாராவது ஆலோசனை சொன்னால், தயவுசெய்து ஏற்காதீர்கள். தாய் இயல்பாகப் பேசும் மொழியே குழந்தைக்கு வளமான மொழி.

சொற்களின் எண்ணிக்கையைவிட நான் பெரிதாகக் கருதுவது, அவன் விரல் நீட்டிக் காட்டுகிறானா என்பதைத்தான். வேண்டிய பிஸ்கட்டைக் காட்டிக் கேட்பது ஒன்று; சன்னலுக்கு வெளியே போகும் ரயிலைக் காட்டி, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது வேறு. இந்த இரண்டாவது வழக்கம் 18 மாதத்திற்குப் பிறகும் காணப்படாவிட்டால், அதை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். முன்பு சொன்ன சொற்களை இப்போது சொல்லாமல் விட்டிருந்தால், குறித்த நாள்வரைகூடக் காத்திராமல் செல்லுங்கள்.

செவித்திறன் சோதனையையும் கேட்டுப் பெறுங்கள். பிறந்தபோது செய்த சோதனையில் தேறியிருந்தாலும், அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு நடுச்செவியில் நீர் தேங்கிக் கேட்கும் திறன் குறையலாம். மாமியாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பேரனின் வழக்கங்களை அவரும் அறிந்திருப்பார், மருத்துவரின் விளக்கத்தை நேரில் கேட்டால் அவர் மனமும் இளகும்.

கேள்வி: 32 வாரத்தில் பிறந்த என் மகளுக்கு 9 மாதம் ஆகிறது. பிடிமானமின்றி உட்காரத் தடுமாறுகிறாள். இது தாமதமா?
- வாசகி, பிறை, பினாங்கு

பதில்: குறைமாதக் குழந்தையின் வளர்ச்சியை, இரண்டு வயதுவரை, பிறக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ண வேண்டும். 40 வாரத்திற்கு 8 வாரம் முன்னரே பிறந்ததால், உங்கள் மகளின் வளர்ச்சி வயது ஏறக்குறைய 7 மாதம். அந்த வயதில் தடுமாறுவது இயல்பே. ஆனால் கால்கள் விறைப்பாக இருந்தாலோ, எப்போதும் ஒரே கையை மட்டும் பயன்படுத்தினாலோ, உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். தடுப்பூசிகளை மட்டும் பிறந்த தேதியைக் கொண்டே போட வேண்டும்.