வெளியூர் போயிருக்கிறார்

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): என் கணவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் 19 ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்தவர். சட்டமன்ற உறுப்பினரான பிறகு வீடு சத்திரமாகிவிட்டது, எந்நேரமும் கட்சிக்காரர்கள். வழக்கை ஒப்படைத்திருக்கும் பழைய கட்சிக்காரர்கள் தொலைபேசியில் அழைத்தால், அவர் சொன்னபடி ‘வெளியூர் போயிருக்கிறார்’ என்று சொல்லிவிடுவேன். பெரியவர் ஒருவர் வாரம் தவறாமல் அழைத்து, ‘அடுத்த வாய்தா எப்போதம்மா?’ என்று கேட்கிறார். ஏழாம் வகுப்பு படிக்கும் மகளும் அதே பதிலைச் சொல்லப் பழகிவிட்டாள். எங்களோடு அமர்ந்து சாப்பிட அவருக்கு நேரமில்லை. பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா?

பதில்: சகோதரி, பொதுவாழ்வில் இருப்பவர்களின் மனைவியர் எழுதும் இத்தகைய கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. வழக்கமான ஆறுதலை உங்களுக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போகிறபோக்கில் நீங்கள் குறிப்பிட்ட அந்தப் பெரியவரிடமே என் நினைவு நின்றுவிட்டது.

வக்காலத்தில் கையெழுத்திட்டு, தன் வீட்டையோ நிலத்தையோ உங்கள் கணவரை நம்பி ஒப்படைத்தவர் அவர். வழக்கை அழைக்கும்போது எழுந்து நிற்க ஆளில்லை என்றால், தொடுத்தவரின் வழக்கு தள்ளுபடியாகலாம். எதிர்த்தரப்பினர் என்றால் ஒருதலைத் தீர்ப்பு வந்துவிடலாம். அதை மீண்டும் விசாரிக்கக் கோருவதற்குச் சாதாரணமாக 30 நாட்களே கெடு. அது கடந்தால், தாமதத்தைப் பொறுக்கும்படி இன்னொரு மனு, அதற்கு இன்னொரு செலவு. இவற்றில் எது நேர்ந்திருந்தாலும் அந்த மனிதருக்குத் தெரியாது. கேட்கும்போதெல்லாம் நீங்கள் வெளியூர் என்கிறீர்கள்.

சட்டமன்ற உறுப்பினர் வழக்காடுவதற்குத் தடையில்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பேரவை ஆண்டு முழுவதும் கூடுவதுமில்லை; கோட்டையிலிருந்து உயர் நீதிமன்றம் நடந்து போகிற தூரம்தான். இயலாதென்றால், உரிய முன்னறிவிப்புக் கொடுத்து, செய்யாத வேலைக்கு வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தந்து விலகுவதற்கு பார் கவுன்சில் விதிகளிலேயே வழி இருக்கிறது. சேலத்தில் பெயர்பெற்ற வக்கீலாக இருந்த ராஜாஜி, ஒத்துழையாமை இயக்கத்துக்காகத் தொழிலையே விட்டார். உங்கள் கணவரோ தொழிலை விடவும் இல்லை, செய்யவும் இல்லை. புதிய கட்சிக்காரருக்கு வாசல் திறந்தே கிடக்கிறது. கட்டணம் கொடுத்துக் காத்திருக்கும் பழைய கட்சிக்காரருக்குக் குரல்கூடக் கிடைப்பதில்லை.

உங்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. ‘அவர் சொன்னபடி’ என்று எழுதிவிட்டால் உங்கள் பொறுப்பு தீர்ந்துவிடாது. 19 ஆண்டுகள் அந்தக் கட்டணத்தில்தான் உங்கள் குடும்பம் நடந்தது. அதைக் கொடுத்தவர்களுக்குக் கணவர் மட்டுமல்லாமல் மனைவியும் கடன்பட்டவள் என்றே நான் கருதுகிறேன். உள்ளறையில் அப்பாவின் குரல் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, ஒரு முதியவரிடம் தடுமாறாமல் பொய் சொல்ல உங்கள் மகளுக்கு வந்துவிட்டதே, அது உங்களைத் தூங்கவிடாமல் செய்திருக்க வேண்டாமா? அவர் சாப்பிட வராததை நான்கு பக்கம் எழுதிய நீங்கள், இதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள்.

அம்மா வீட்டுப் பேச்சை இப்போது ஒத்திவையுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை குமாஸ்தாவை வரவழைத்து, அலுவலக அறையில் இருக்கும் கட்டுகளையெல்லாம் எடுத்து, எந்த வழக்கு எந்த நீதிமன்றத்தில் இருக்கிறது, அடுத்த வாய்தா எப்போது, கட்சிக்காரரின் தொலைபேசி எண் என்ன என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு கணவரை உட்காரவைத்து, தானே நடத்தப்போவது எது, கட்சிக்காரரின் சம்மதத்தோடு வேறு வழக்கறிஞருக்கு மாற்றப்போவது எது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ‘ஜூனியர் பார்த்துக்கொள்வான்’ என்ற பதிலை ஏற்காதீர்கள். யாரைக் கேட்டு அந்த ஜூனியரிடம் கொடுத்தார் என்று கேளுங்கள். நீங்கள் பழக்கிவிட்டது தவறு என்று மகளிடம் நீங்களே சொல்லுங்கள். இத்தனைக்கும் அவர் அசையவில்லை என்றால் எனக்கு மீண்டும் எழுதுங்கள். அம்மா வீட்டைப் பற்றி அப்போது பேசுவோம். அதற்கு முன் அந்தப் பெரியவர் அழைத்தால், ‘இருக்கிறார், கொடுக்கிறேன்’ என்று சொல்லி, தொலைபேசியை உங்கள் கணவரின் கையில் கொடுங்கள்.