எந்த யூனிட், எந்த ஊர்? ஹவுஸ் சர்ஜன் போஸ்டிங் கேள்வி-பதில்

கே: எம்.பி.பி.எஸ். முடித்து ஒரு வருஷ ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்) வேலைக்கு வந்திருக்கிறோம், எங்கள் பேட்சில் 150 பேர். எனக்கு முதல் போஸ்டிங் கம்யூனிட்டி மெடிசின் (சமூக மருத்துவம்), அறைத்தோழிக்கு மகப்பேறு. எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?

ப: பெரும்பாலும் ரோல் நம்பரை வைத்து. எல்லோரும் சுற்றுவது ஒரே வட்டம்தான், ஏறும் இடம் மட்டும் வேறு. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி கம்யூனிட்டி மெடிசின் 12 வாரம், மகப்பேறு 7, மெடிசினும் சர்ஜரியும் தலா 6, குழந்தைகள் நலம் 3, மனநலம் 2. மீதி வாரங்கள் மற்ற துறைகளுக்கு. 150 பேரை இந்தக் கணக்கில் 52 வாரத்துக்குப் பகிர்ந்து பாருங்கள். எந்த நாளிலும் கம்யூனிட்டி மெடிசினில் 35 பேர், மகப்பேறில் 20, மெடிசினில் 17, மனநலத்தில் 6 பேர் இருந்தாக வேண்டும். அந்த எண்ணிக்கை குலையாமல் இருக்கத்தான் குழு பிரிப்பதே.

கே: சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு எழும்பூருக்கும் கீழ்ப்பாக்கத்துக்கும் எதற்கு அலைய வேண்டும்?

ப: நோயாளிகள் அங்கேதான் இருக்கிறார்கள். மகப்பேறு, குழந்தைகள் நலம், கண் மூன்றுக்கும் எழும்பூர், மனநலத்துக்குக் கீழ்ப்பாக்கம். தஞ்சாவூரிலும் மகப்பேறு என்றால் ஊருக்குள் ராஜா மிராசுதார் மருத்துவமனைக்குத்தான் போகிறார்கள். வருகைப் பதிவும் லாக் புக் (செய்த வேலைகளைக் குறிக்கும் ஏடு) கையெழுத்தும் போஸ்டிங் நடக்கும் இடத்தில். கையெழுத்தை அன்றன்றே வாங்கிவிடுங்கள்.

கே: லீவு போட்டால் எக்ஸ்டென்ஷன் (பயிற்சிக் காலம் நீட்டிப்பு) வருமா?

ப: எத்தனை நாள், எந்தத் துறை, அனுமதி வாங்கினீர்களா? ஒன்றையும் எழுதாமல் கேட்டால் நான் எதைச் சொல்வது? வருஷம் முழுவதற்கும் அனுமதியோடு 15 நாள். அதைத் தாண்டினால் விட்ட நாட்களை அந்தந்தத் துறையிலேயே ஈடுகட்ட வேண்டும். மகப்பேறு விடுப்புக்குத் தனி விதி.

கே: நீட் பி.ஜி. (முதுநிலை மருத்துவ நுழைவுத் தேர்வு) நேரத்தில் எனக்கு கேஷுவாலிட்டி (அவசர சிகிச்சைப் பிரிவு) வருகிறது. கம்யூனிட்டி மெடிசின் போஸ்டிங்கில் பி.எச்.சி.யில் (ஆரம்ப சுகாதார நிலையம்) இருக்கும் நண்பன் மாற்றிக்கொள்ளத் தயார். எங்களுக்குள் பேசி மாற்றிக்கொள்ளலாமா?

ப: கூடாது. மாதம் தவறாமல் வரும் கேள்வி இது, அதனால் விரிவாகவே சொல்கிறேன். வாய்மொழியாக மாற்றிக்கொண்டால் பட்டியலில் உங்கள் பெயர் கேஷுவாலிட்டியில், ஆள் பி.எச்.சி.யில். அங்குள்ள மருத்துவ அலுவலர் பட்டியலில் இல்லாதவருக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவார்? கேஷுவாலிட்டியில் நீங்கள் ஆப்சென்ட். நண்பர் இரண்டு நைட் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் காய்ச்சலில் படுத்தால், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். கம்ப்ளீஷன் (பயிற்சி முடித்த) சான்றிதழ் வாங்கும் சமயத்தில்தான் இது வெளியே வரும். அப்போது ஒரு வாரம் நீட்டித்தாலே நீட் பி.ஜி.க்காகப் பயிற்சியை முடித்திருக்க வேண்டிய கடைசித் தேதி தாண்டிப்போகலாம். எதற்காக மாற்றினீர்களோ அதுவே கையை விட்டுப் போய்விடும்.

நோயாளி பக்கத்தையும் பாருங்கள். 6 பேர் இருக்க வேண்டிய நைட்டில் 2 பேர் நின்றால் ஐ.வி. லைன் போடுவதும் ரத்த மாதிரி எடுப்பதும் தாமதமாகும். விபத்தில் அடிபட்டு வந்தவர் அதுவரை ஸ்ட்ரெச்சரில் காத்துக் கிடப்பார். பி.எச்.சி.யைப் படிப்பு விடுமுறையாக நினைப்பதும் இதே தப்பு. தடுப்பூசி நாள், கர்ப்பிணிப் பரிசோதனை, சர்க்கரை-ரத்த அழுத்த நோயாளிகளின் தொடர் கவனிப்பு எல்லாவற்றையும் கையால் செய்து பழக இந்த 12 வாரம்தான் இருக்கிறது.

மாற்றியே ஆக வேண்டுமென்றால் இருவரும் கையெழுத்திட்ட கடிதம், இரண்டு துறைத் தலைவர்களின் சம்மதம், அதன்பின் டீன் அலுவலக ஆணை. மாற்றும் காலம் இருவருக்கும் சமமாக இருக்க வேண்டும். ஆணை கைக்கு வராமல் பழைய இடத்தைவிட்டு நகராதீர்கள். எழுத்தில் இல்லாதது நடக்காதது.

கே: வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்தேன். ஹவுஸ் சர்ஜன் இடத்துக்குக் கல்லூரி பணம் கேட்கிறது.

ப: கொடுக்க வேண்டாம். வெளிநாட்டில் படித்தவர்களிடம் இதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 மார்ச்சிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஸ்டைபெண்டும் (பயிற்சிக்கால உதவித்தொகை) இங்கே படித்தவர்களுக்குச் சமமாகத் தர வேண்டும். ஒரு கல்லூரியில் இப்படிச் சேர்க்கக்கூடியவர்களுக்கு அதில் சொன்ன வரம்பு 7.5 சதவீதம், அதாவது 150 இடமுள்ள கல்லூரியில் 11 பேர் அளவுக்கு. கேட்ட தொகையை எழுத்தில் தரச் சொல்லுங்கள். முதலில் மாநில மருத்துவ கவுன்சிலில் தற்காலிகப் பதிவு. அது இல்லாமல் வார்டில் காலே வைக்காதீர்கள்.

கே: நான் பி.ஜி. (முதுநிலை) மாணவர். மாவட்ட மருத்துவமனைக்கு மூன்று மாதம் போகச் சொல்கிறார்கள். தவிர்க்க முடியுமா?

ப: முடியாது. 2021-ல் சேர்ந்த எம்.டி., எம்.எஸ். பேட்சிலிருந்து அது கட்டாயம். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது செமஸ்டரில் ஒன்றில் போக வேண்டும். ஸ்டைபெண்ட் உங்கள் கல்லூரியே தரும். தீசிஸுக்கு (ஆய்வேடு) நோயாளிகளைச் சேர்க்கும் மாதங்களோடு மோதாதபடி உங்கள் கைடிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கே: சித்தா பிரிவில் ஒரு வாரம் கட்டாயமா?

ப: இந்திய மருத்துவ முறைகளில் ஒன்றில் ஒரு வாரம். சித்தாவேதான் என்றில்லை, ஆயுர்வேதம், யுனானி, யோகா, ஹோமியோபதியும் உண்டு. அங்கேயும் லாக் புக் கையெழுத்து அன்றன்றே.