ரிப்போர்ட்டில் 'கிளையோசிஸ்' என்று இருந்தால்?

கேள்வி: எனக்கு வயது 52. அடிக்கடி தலைவலி வந்ததால் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தேன். ஓரிடத்தில் சிறிய 'கிளையோசிஸ்' இருப்பதாக ரிப்போர்ட் சொல்கிறது. கிளையா செல்கள் நரம்பு செல்களை ஒட்டவைக்கும் பசை என்று படித்தேன். வெறும் பசைதானே என்று விட்டுவிடலாமா? ஞாபக சக்தி போய்விடுமா?

பதில்: 'பசை' என்ற பெயரைச் சூட்டியவர் 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ. அந்தப் பெயர்தான் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேலை என்னவோ வேறு.

இரண்டு நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், பேசிக்கொள்ளும் இடத்தில் மிகச் சிறிய இடைவெளி உண்டு. ஒரு நியூரான் அதில் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளைக் கொட்டினால் அடுத்தது கிளர்ந்தெழும். சரி, கொட்டியதை யார் அள்ளுவது? பக்கத்திலேயே தன் மெல்லிய கிளையை நீட்டி வைத்திருக்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற கிளையா செல். அது குளூட்டமேட்டை உறிஞ்சி, குளூட்டமினாக மாற்றி, நியூரானுக்கே திருப்பித் தருகிறது. வெளியே சேரும் பொட்டாசியத்தையும் அப்புறப்படுத்துகிறது. இந்த வேலை தடுமாறினால் நியூரான்கள் ஓயாமல் தூண்டப்படும், வலிப்புகூட வரலாம். இன்னொரு வகை கிளையா, நரம்பிழையைச் சுற்றி மைலின் உறை போடுகிறது. உறையில்லாத இழையில் நொடிக்குச் சுமார் 1 மீட்டர் ஓடும் சமிக்ஞை, தடித்த உறையுள்ள இழையில் 100 மீட்டர்வரை பாய்கிறது. வேண்டாத இணைப்புகளைக் கத்தரிக்கும் மைக்ரோகிளையாவும் உண்டு.

உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது பெரும்பாலும் பழைய தழும்பு. எப்போதோ சிறு ரத்தக்குழாய் அடைத்தோ, அடிபட்டோ, தொற்றாலோ அந்த இடம் பாதிக்கப்பட்டிருக்கலாம். ஆஸ்ட்ரோசைட்டுகள் பருத்து, அதைச் சுற்றி வேலி கட்டியிருக்கின்றன. இது கட்டி அல்ல. கிளையோமா என்ற மூளைக்கட்டியின் பெயர் இதைப்போலவே ஒலிப்பதால் பலர் பதறிப்போய் வருகிறார்கள்.

சிறிய ஒற்றைத் தழும்பால் ஞாபகம் போவது அரிது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும், வயதாக ஆக மற்றவர்களுக்கும் இப்படிச் சிறு புள்ளிகள் ஸ்கேனில் தெரிவது சகஜம். அதற்காக ரிப்போர்ட்டை அலமாரியில் போட்டுவிடாதீர்கள். தழும்பு எங்கே, எவ்வளவு பெரிது என்பது முக்கியம். மூளையின் வெளி அடுக்கான புறணியில் இருந்தால் சிலருக்கு வலிப்பு வரும். படத்தோடு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், பழைய ஸ்கேன் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பரிசோதியுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். வலிப்பு, திடீரென ஒரு பக்கம் பலம் குறைவது, பேச்சுக் குழறல் இவற்றில் எது வந்தாலும் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.