ஃப்ளூவாக்ஸெட்டின் சேர்த்த பிறகு உட்கார முடியாத தவிப்பு

அப்பாவின் மனநோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். மனநோய்க்கான ரிஸ்பெரிடோன் சாப்பிட்டு நன்றாக இருந்தவர், மனச்சோர்வுக்கான ஃப்ளூவாக்ஸெட்டின் சேர்த்த பிறகு திண்ணையில் உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருக்கிறார் என்கிறீர்கள். இது மருந்தால் வரும் அகதீசியாவாக, அதாவது உள்ளுக்குள் தவித்து அசையாமல் இருக்க முடியாத நிலையாக, இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

கல்லீரலில் ரிஸ்பெரிடோனைச் சிதைக்கும் நொதியை ஃப்ளூவாக்ஸெட்டின் தடுக்கிறது. மாத்திரை பழைய அளவுதான், ஆனால் ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். ஃப்ளூவாக்ஸெட்டின் தனியாகவே தவிப்பைத் தருவதும் உண்டு.

“உள்ளுக்குள்ள தவிக்குதாப்பா, நடந்தா தேவலையா?” என்று கேளுங்கள். ஆமாம் என்றால் சந்தேகம் வலுக்கும். அப்புறம், மன்னார்குடியில் வேறு மருத்துவர் யாராவது வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு எழுதினார்களா என்று சீட்டைப் பாருங்கள். அதுவும் இதே தவிப்பைக் கொண்டுவரும். மனநல மருத்துவரிடம் அதைச் சொல்லப் பலருக்கும் தோன்றுவதில்லை.

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். ஃப்ளூவாக்ஸெட்டின் நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும், ரிஸ்பெரிடோனை விட்டால் பழைய நோய் திரும்பலாம். எல்லா மாத்திரை அட்டைகளோடும் நாளைக்கே அந்த மனநல மருத்துவரைப் பாருங்கள். அளவைக் குறைப்பதா, மாற்றுவதா என்று அவர் சொல்லட்டும்.

காய்ச்சலோடு உடம்பு விறைத்தாலோ, நினைவு குழம்பினாலோ, சாக வேண்டும் என்று அப்பா பேசினாலோ நாளை வரை காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழைத்து திருவாரூர் அல்லது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், தனியாக விடாதீர்கள்.