வகைப்பாட்டியலும் இனத்தாவரவியலும் வேறு வேறு துறைகள்தானே, ஏன் ஒரே ஆய்வாளர் இரண்டையும் செய்கிறார்?

மதுரையில் தாவரவியல் படிக்கும் ஒருவரின் கேள்வி இது. வகைப்பாட்டியல் செடிகளை இனம் கண்டு பெயரிட்டு வகைப்படுத்துவது; இனத்தாவரவியல் மக்கள் செடிகளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்வது. வேறு துறைகள்தான், ஆனால் ஒன்றை விட்டால் மற்றது நொண்டும்.

மஞ்சள் காமாலைக்குக் கொடுக்கும் கீழாநெல்லியையே பாருங்கள். பழைய நூல்கள் பலவற்றில் அதன் பெயர் பில்லாந்தஸ் நிருரி. அசல் நிருரி அமெரிக்கக் கண்டங்களில் வளர்வது. நம் வயல் வரப்பில் நிற்பது பெரும்பாலும் பில்லாந்தஸ் அமாரஸ். பெயர் தவறினால் மருந்தாய்வு முழுக்க வேறொரு செடியின் கணக்கில் போய்விடும்.

அதனால் சிறுமலையிலோ பழனி மலையிலோ பளியர் பழங்குடியினரிடம் ஒரு மூலிகையைப் பற்றிக் கேட்டுக் குறிப்பு எடுத்தால் மட்டும் போதாது. பூவோ காயோ உள்ள கிளையை வெட்டி, செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தி உலர்த்தி, இடம், தேதி எழுதி ஹெர்பேரியத்தில், அதாவது உலர்த்திய செடிகளின் காப்பகத்தில், சேர்க்க வேண்டும். மழைக்காலம் என்றால் ஈரத்தாள் மாற்றியே பொழுது போய்விடும்!

சரி, உலர்த்திய கிளையை எதோடு ஒப்பிட்டுப் பெயரை உறுதி செய்வது? திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினட் ஹெர்பேரியம் இருக்கிறது. 1967-இல் அதைத் தொடங்கிய பாதிரியார் கே. எம். மேத்யூதான் பழனி மலைத் தாவரங்களையும் நூலாகத் தொகுத்தவர்.

அப்புறம், மூலிகையைச் சொன்னவரின் சம்மதம் இல்லாமல் எதையும் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.