கராஜ் இல்லாதவருக்கு வினைல் ஹூட்தான்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். மதுரையில் இருந்து இங்கிலாந்தில் கவென்ட்ரிக்கு வேலைக்கு வந்து ஏழு மாதம். பக்கத்துத் தெருவில் 1973ஆம் ஆண்டு எம்ஜிபி, கூரை திறக்கும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், ஒன்று விலைக்கு நிற்கிறது. ஹூட், அதாவது மடித்து இறக்கும் கூரை, கிழிந்து, அதில் உள்ள பின் ஜன்னல் பிளாஸ்டிக் மஞ்சளாகிவிட்டது. புது ஹூட்டை வினைலில் போடுவதா, மொஹேர் துணியில் போடுவதா என்று கேட்கிறீர்கள். கராஜ் இல்லை, தெருவில்தான் நிறுத்த வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதோடு லைசன்ஸ், இன்சூரன்ஸ், கார் கிளப்பில் நம்மவர்களைச் சேர்ப்பார்களா, குளிர்காலத்தில் ஓட்டலாமா என்று நாலைந்து கேள்விகள். "கராஜ் இல்லை" என்ற அந்த ஒரு வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். இந்திய லைசன்ஸில் இங்கே குடியேறிய நாளில் இருந்து 12 மாதம் ஓட்டலாம். அதற்குள் இந்த நாட்டுப் பரீட்சையைப் பாஸ் பண்ணிவிடுங்கள். பழைய கார்களுக்கென்று தனி இன்சூரன்ஸ் இருக்கிறது, போன் எடுத்து ஒரு மனிதரோடு பேசி வாங்குங்கள். கிளப்புக்குப் போங்கள், சேர்ப்பார்கள். சரி, இனி ஹூட்.

வினைல் வாங்குங்கள். பின்பக்கத்து நடு ஜன்னல் ஜிப் வைத்துத் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். மொஹேர் அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஒரு காலத்தில் ஆட்டு ரோமத்தில் நெய்தது, இப்போது அக்ரிலிக் நூல்; வெளியே துணி, நடுவில் ரப்பர், உள்ளே இன்னொரு துணி என்று மூன்று அடுக்கு. குளிரில் வினைல் மாதிரி விறைக்காது, கூரை இறுக்கமாக நிற்கும், உள்ளே சத்தமும் குறைவு. விலை வினைலை விட இரண்டு மடங்குக்கு மேல் போகும். ஆனால் அது கராஜ் உள்ளவருக்கான சாமான். தெருவில் நிற்கும் காரில் அது அழுக்கை உறிஞ்சும். நவம்பரில் இருந்து மார்ச் வரை வெயில் படாத பக்கம் பச்சையாகப் பாசி பிடிக்கும். இங்கே தெருவோரம் லைம் என்று ஒரு மரம் நட்டிருப்பார்கள். பெயரைக் கேட்டு எலுமிச்சை என்று நினைக்க வேண்டாம், அது வேறு மரம். கோடையில் அதன் இலையில் அசுவினி மொய்த்து, தேன் மாதிரி ஒரு பிசின் கீழே சொட்டும். அது மொஹேரில் ஊறி, மேலே கரி மாதிரிப் பூஞ்சை ஏறினால், பிரஷ் போட்டுத் தேய்த்து, காயவைத்து, நீர் புகாத மருந்து மறுபடி பூச வேண்டும். வினைல் என்றால் ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் மென்மையான சோப், கை பிரஷ், பத்து நிமிடம். மொஹேர் போட்டால்தான் மதிப்பு என்று சிலர் சொல்வார்கள். எம்ஜிபி அபிங்டன் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்ததே வினைல் ஹூட்டோடுதான்.

இனிச் சொல்லப் போகிற இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஈரமாக இருக்கும்போது ஹூட்டை மடிக்கக் கூடாது. குளிரும்போது மடிக்கக் கூடாது.

ஈரத்தோடு மடித்தால் மடிப்புக்குள் கறுப்புப் புள்ளி விழும், ஜன்னல் பிளாஸ்டிக் பால் மாதிரி மங்கிவிடும். அந்தப் புள்ளி பிறகு போவதே இல்லை. மழையில் நனைந்தால் ஹூட் நின்றபடியே காயட்டும், எத்தனை நாள் எடுத்தாலும் சரி.

குளிர் அதைவிட மோசம். வினைல் குளிரில் சுருங்கும், பின் ஜன்னல் பிளாஸ்டிக் விறைத்து அப்பளம் மாதிரி ஆகிவிடும். 1997இல் நான் என்னுடைய எம்ஜிபியை வாங்கினேன், அதன் பிறகு வந்த முதல் ஜனவரி. இரண்டு வாரம் மழை அடித்து ஓய்ந்து, ஒரு ஞாயிறு நல்ல வெயில். வெயிலைக் கண்டதும் ஊர் ஞாபகம், மனம் தாங்கவில்லை. வெளியே மூன்று பாகை. கொளுக்கியைக் கழற்றி, வழக்கம்போல மடித்தேன். சட்டென்று ஒரு சத்தம், காய்ந்த பனையோலை முறிகிற மாதிரி. நடு ஜன்னலில் மேலிருந்து கீழாக ஒரே கோடு. அப்போது நான் இரவு வேலை செய்து சேர்த்த காசில் வாங்கிய கார் அது. இரண்டு மாதம் பார்சல் டேப் ஒட்டிக்கொண்டு ஓடினேன். இன்று பத்து பாகைக்குக் கீழே என்றால் ஹூட்டைத் தொடுவதே இல்லை.

மடிக்கிற முறையும் முக்கியம். முதலில் இரண்டு பக்கத்துப் பிரஸ் பட்டன்களையும் கழற்றுங்கள். பிறகுதான் முன்கண்ணாடிக்கு மேலே உள்ள இரண்டு கொளுக்கிகள். ஹூட்டைத் தாங்கும் கம்பிச் சட்டத்தைப் பின்னால் சாய்க்கும்போது ஒரு கையால் துணியைக் கம்பிகளுக்கு நடுவில் இருந்து வெளியே இழுத்துக்கொண்டே வர வேண்டும். அந்தக் கம்பிகள் கத்தரிக்கோல் மாதிரித்தான் மடியும், நடுவில் அகப்பட்ட வினைலைக் கடித்துவிடும். ஜன்னலை மடிப்பு விழாமல் தட்டையாகப் பரப்பி, பிளாஸ்டிக்கின் மேல் பிளாஸ்டிக் உரசாமல் நடுவில் ஒரு பழைய பருத்தித் துணி வையுங்கள். துவாய் வேண்டாம், அதில் மணல் நிற்கும். பல தடவை தோய்த்து நைந்துபோன சாரம்தான் நல்லது. நீங்கள் கைலி என்பீர்கள்.

நான் இதையெல்லாம் கற்றது ஒரு பெற்றோல் ஸ்டேஷனில். 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கி யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராமல் போனது. அப்பா வாடகைக் கார் ஓட்டியவர், ஆஸ்டின் ஏ60 கேம்பிரிட்ஜ். கொஞ்சம் பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார். வீடு முழுக்க அந்த மணம். அந்த வருடக் கடைசியில் நான் புறப்பட்டு, 1991 ஜனவரியில் லண்டன் வந்தேன். டூட்டிங்கில் ஒரு அறையில் ஐந்து பேர். அடுத்த மாதமே பெரும் பனி கொட்டி ரயில்கள் நின்றன. என்னிடம் இருந்தது ஒரு ஸ்வெட்டர், அதுவும் பாரிஸில் நின்ற மச்சான் கொடுத்தது. நீங்கள் விசாவும் வேலையும் கையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள், அது நல்லதுதான். எங்களுக்கு முதல் வருடம் முழுக்க அகதிக் கேஸ்தான், "கேஸ் என்னாச்சு" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

பிறகு ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை கிடைத்தது. அந்த ஐப்பசியில், நல்ல மழை நேரத்தில், ஒரு வயதான வெள்ளைக்காரர் ஹூட் போடாத எம்ஜிபியோடு வந்து நின்றார். விரல் மூட்டுகள் வீங்கி, கொளுக்கியை அமத்த முடியவில்லை. நான் பக்கத்து ஆசனத்தில் ஏறி முன் கம்பியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடிக்க, அவர் பூட்டினார். அன்றில் இருந்து வாரம் ஒரு தடவை வருவார். ஒரு நாள் எண்ணெய் பார்க்க பானெட்டைத் திறந்தார். நான் அப்படியே நின்றுவிட்டேன். அப்பாவின் ஏ60 எஞ்சின். அளவுதான் பெரிது, 1,798 சிசி. அப்பாவின் காரில் ஒரு எஸ்யூ கார்புரேட்டர், இதில் இரண்டு. மற்றபடி அதே உடம்பு, அதே குரல். பி-சீரிஸ் என்று பெயர். உங்கள் அப்பாவிடம் அம்பாசிடர் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் பல வருடம் ஓடிய 1,489 சிசி பெற்றோல் எஞ்சினும் இந்தக் குடும்பம்தான். அம்பாசிடரே மோரிஸ் ஆக்ஸ்போர்டு தானே. நீங்கள் பார்க்கப் போகிற காரின் பானெட்டைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள்.

ஹூட்டுக்குக் காசு கொடுக்க முன், கீழே பாருங்கள். கூரை இல்லாத காருக்குக் கதவுக்குக் கீழே ஓடும் சில்தான் முதுகெலும்பு. ஹூட்டை இறக்கிவிட்டு, காரை ஒரு பக்கம் ஜாக் போட்டு, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவின் பின் இடைவெளி ஒடுங்கினால், கதவு இடித்தால், விட்டுவிட்டு வாருங்கள். 1988இல் இருந்து புது பாடி முழுதாகவே செய்து விற்கிறார்கள், ஐந்து லட்சத்துக்கு மேல் செய்து விற்ற கார் என்பதால் பாகத்துக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் துருவேறிய சில்லைச் சரிசெய்யும் செலவில் மூன்று ஹூட் போடலாம். கம்பளத்தைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சையும் கையால் அமத்திப் பாருங்கள். முன்கண்ணாடியின் இரண்டு மேல் மூலையிலும் இந்தக் கார் ஒழுகும், புது ஹூட் போட்டாலும் கொஞ்சம் ஒழுகும். அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் இடம் அந்தப் பஞ்சு.

புது ஹூட்டைப் பூட்டுகிற, அதாவது காரில் பொருத்துகிற, வேலையைக் கோடையில் வையுங்கள். எனக்கு ஒருவர் ஜனவரியில், சூடு இல்லாத கொட்டகையில் பூட்டித் தந்தார். விறைத்த வினைலை எவ்வளவு இழுத்தும் முழுதாக இழுபடவில்லை. ஜூனில் அது இளகித் தொய்ந்து, எம்40 நெடுஞ்சாலையில் வள்ளத்துப் பாய் மாதிரி படபடவென்று அடித்தது. பக்கத்தில் இருந்த மனைவி சொன்னது எனக்குக் கேட்கவில்லை. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "பழைய கார் அப்படித்தான்" என்றார். அப்படி இல்லை, தம்பி. காசு வாங்கினவர் வேலையைச் செய்ய வேண்டும், இன்றும் எனக்கு அதில் கோபம் உண்டு. அடுத்ததை நானே பூட்டினேன். புது ஹூட்டை வெயிலில் ஒரு பகல் விரித்துப் போட்டேன், நடுக்கோட்டைச் சோக்கால் குறித்தேன், நடுவில் இருந்து இரண்டு பக்கமாக இழுத்துப் பசை போட்டேன். இழுவை சரி என்று நிச்சயமாகும் வரை பட்டனுக்கு ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. பூட்டி முடித்து மூன்று வாரம் மடிக்காமல் விட்டேன். இன்றைக்கும் தட்டினால் மேளம் மாதிரி இருக்கிறது.

தெருவில் நிறுத்தும்போது காரில் ஒரு கோட்கூட விட்டுவிட்டுப் போக வேண்டாம். பூட்டை உடைக்க மாட்டார்கள், கத்தியால் ஹூட்டைக் கீறிவிடுவார்கள். மலிவான பிளாஸ்டிக் உறையும் போட வேண்டாம். காற்றில் ஆடி ஜன்னலை உரசும், உள்ளே வியர்த்து நிற்கும். 40 வருடம் தாண்டிய காருக்கு ரோட் டாக்ஸ் கட்டத் தேவை இல்லை, ஆனால் பதிவு செய்ய வேண்டும். எம்ஓடி என்கிற வருடாந்தர வாகனப் பரிசோதனையும் கட்டாயம் இல்லை என்பார்கள். நீங்கள் வருடா வருடம் செய்யுங்கள், பிரேக்கை இன்னொருவர் பார்ப்பது நல்லது. குளிர்காலத்தில் தெருவில் உப்புப் போடத் தொடங்கினால் ஓட்ட வேண்டாம். ஆனால் தெருவில் நிற்கிற காருக்கு "ஓட்டவில்லை" என்று சோர்ன் போட முடியாது. அதனால் மாதம் சில பவுண் கொடுத்து யாருடைய பூட்டுக் கராஜாவது வாடகைக்குக் கிடைக்குமா என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

நம்மவர்களில் பலர் உங்களைத் தடுப்பார்கள். கோயில் திருவிழாவுக்குப் போனால் கார் நிறுத்துமிடம் முழுக்கக் கடனில் எடுத்த புது ஜெர்மன் கார்கள். "இந்தப் பழைய இரும்புக்கா காசைக் கொட்டுகிறாய்" என்று என்னை நேரே கேட்டவர்கள் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள்தான் என் காரைச் சுற்றி நிற்பார்கள். முப்பது வருடம் இந்த நாட்டில் இருந்துகொண்டு, ஜன்னலைக்கூடத் திறக்காமல், ஒவ்வொரு மழைக்கும் குறை சொல்கிறவர்களை எனக்கு விளங்குவதே இல்லை. இந்த மழையோடும் குளிரோடும் வாழ எனக்குப் பழக்கியது இந்த ஹூட்தான். காலையில் எழும்பி மேகத்தைப் பார்த்தால், எத்தனை மணிக்கு மழை வரும் என்று இப்போது என்னால் சொல்ல முடியும். எட்டுப் பாகை, காய்ந்த வானம், ஹூட் முதல் நாளே இறக்கி வைத்தது, காலுக்கு ஹீட்டர், கழுத்துக்கு மப்ளர்: அதைப் போல ஒரு காலை இந்த நாட்டில் இல்லை.

2002இல் சமாதானம் என்று சொல்லி யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்த பிறகு, அடுத்த கோடையில் அப்பா வந்தார். 2003 ஆகஸ்ட், இங்கே முன்பு கண்டிராத வெயில், 38 பாகையைத் தாண்டியது. ஹூட்டை இறக்கி அவரை ஏற்றினேன். "எனக்குத் தலை குளிரும்" என்று அந்த வெயிலிலும் துவாயைத் தலையில் கட்டிக்கொண்டார். சாவியைத் திருப்பினேன். இரண்டு நிமிடம் பேசவில்லை. பிறகு, "டேப்பட் கொஞ்சம் தளர்வு, நாளைக்குப் பார்ப்போம்" என்றார். அடுத்த நாள் வெறும் மேலோடு, சாரத்தைச் சண்டிக்கட்டுக் கட்டிக்கொண்டு, அவரே சரி செய்தார். திரும்பிப் போகும்போது அந்தச் சாரத்தை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். நீலக் கட்டம் எல்லாம் வெளிறிப்போய்விட்டது, இப்போதும் ஜன்னல் மடிப்புக்குள் அதுதான் கிடக்கிறது.

ஒன்று விட்டுப்போய்விட்டது. எம்ஜிபி 1962 முதல் 1980 வரை வந்தது, இடையில் ஹூட்டின் கம்பிச் சட்டம் மாறியது. ஒன்றுக்கு வாங்கிய ஹூட் மற்றதில் பொருந்தாது. 1973 கார் என்றாலும் யாராவது பழைய சட்டத்தை மாற்றிப் போட்டிருக்கலாம். சனிக்கிழமை பார்க்கப் போகும்போது சட்டத்தை மூன்று பக்கமும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்க்கும் வரை ஹூட்டுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.