நல்லா இருக்கு என்கிறார்கள், போனும் அடிக்கிறது!

கேள்வி: நாங்கள் நண்பர்கள் சேர்ந்து பால் சங்கங்களுக்கு ஒரு மென்பொருள் எழுதியிருக்கிறோம். லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். (பாலில் கொழுப்பு போக மீதமுள்ள திடப்பொருள்) பதிந்தால் விலை கணக்காகி சீட்டு வந்துவிடும். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டாரத்தில் சில சங்கங்களில் ஓடுகிறது. பயன்படுத்த சுலபமாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள 25 கேள்விகளோடு ஒரு கூகுள் படிவம் அனுப்பினோம். பதில் போட்ட எல்லோரும் 'நல்லா இருக்கு' என்கிறார்கள், ஆனால் சந்தேகம் கேட்டு தினமும் போன் வருகிறது. எங்கே தப்பு?
- ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: உங்களைத் தெரிந்தவர்களிடம், அதுவும் பேர் போடச் சொல்லி, 'எங்கள் மென்பொருள் பிடித்திருக்கிறதா' என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்? நம்ம பையன்கள் செய்தது, குறை சொல்வானேன் என்றுதான் நினைப்பார்கள். முதலில் பேர் கேட்கும் கட்டத்தை எடுத்துவிடுங்கள்.

அப்புறம் அந்தக் கேள்விகள். நீங்கள் அனுப்பிய படிவத்தில் 'வேகமாகவும் எளிமையாகவும் இருக்கிறதா?' என்று ஒன்று இருக்கிறது. வேகம் சரி, எளிமை இல்லை என்கிறவர் எதை அழுத்துவார்? ஒரு கேள்வியில் ஒரு விஷயம் மட்டும் இருக்கட்டும். அதைவிட முக்கியம், அபிப்பிராயத்தைக் கேட்காமல் நடந்ததைக் கேட்பது. உதாரணமாக, 'கடைசியாக ஒருவருடைய லிட்டரைத் தப்பாகப் பதிந்தபோது என்ன செய்தீர்கள்?' என்று கேட்டு, நானே திருத்தினேன், போன் செய்து கேட்டேன், திருத்தாமல் நோட்டில் எழுதி வைத்தேன், அப்படி நேர்ந்ததே இல்லை என்று நான்கு பதில்கள் கொடுங்கள். கடைசிப் பதிலை விட்டுவிடாதீர்கள், இல்லாவிட்டால் நேராதவரும் ஏதோ ஒன்றை அழுத்திவிடுவார். நோட்டில் எழுதினேன் என்று நாலு பேர் சொன்னாலே போதும், எந்தத் திரையைச் சரிசெய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். பதில் எப்படி வந்தாலும் நீங்கள் எதையும் மாற்றப்போவதில்லை என்றால் அந்தக் கேள்வி எதற்கு? இப்படிக் கழித்தால் 25 கேள்வி எட்டாகிவிடும் என்று நினைக்கிறேன்.

மதிப்பெண் வேண்டும் என்றால் எஸ்.யூ.எஸ். (சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்) என்று, பயன்படுத்த எவ்வளவு சுலபம் என்று அளக்கிற ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. 1986-ல் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கணினி நிறுவனத்தில் ஜான் புரூக் உருவாக்கியது. 10 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 (கொஞ்சமும் ஒப்பவில்லை) முதல் 5 (முழுக்க ஒப்புகிறேன்) வரை பதில். ஒற்றைப்படை வாக்கியங்கள் புகழும், இரட்டைப்படை வாக்கியங்கள் குறை சொல்லும். ஒற்றைப்படையில் பதிலிலிருந்து 1-ஐக் கழிக்க வேண்டும், இரட்டைப்படையில் 5-லிருந்து பதிலைக் கழிக்க வேண்டும், எல்லாவற்றையும் கூட்டி 2.5-ஆல் பெருக்கினால் 0 முதல் 100-க்குள் ஓர் எண் வரும். அது சதவீதம் அல்ல. பல நூறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் சராசரி 68 என்கிறார்கள், அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஆனால் சீட்டில் எஸ்.என்.எஃப். குறைவு என்று வந்தால் தீவனத்தில் என்ன குறை என்று சீட்டு சொல்லுமா? இந்த எண்ணும் அப்படித்தான், காரணத்தை நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, படிவத்தை யார் நிரப்பினார்கள்? செயலாளருக்கு அனுப்பியிருந்தால் அவர் மாதக் கணக்கு மட்டும் பார்ப்பவராக இருக்கலாம். காலையில் கேன்களுக்கு நடுவில் நின்று எண்களைத் தட்டுகிற பெண்ணிடம் கேளுங்கள், அதுவும் பால் ஊற்றுகிற நேரம் முடிந்த பிறகு. உங்கள் பக்கத்தில் வீட்டில் தமிழ் பேசி மலையாளப் பள்ளியில் படித்தவர்கள் நிறைய, அதனால் இரண்டு எழுத்திலும் படிவம் வேண்டும். எல்லோருக்கும் அனுப்பும் முன் இரண்டு பேரை உட்காரவைத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், எங்கே தயங்குகிறார்களோ அந்த வாக்கியத்தை மாற்றுங்கள். தினமும் வருகிற போன்களையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். கேட்காமலே கிடைக்கிற பதில் அது!

கேள்வி: கருத்துக் கேட்பில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல 5 கட்டம் நல்லதா, 7 கட்டமா?
- ஒரு வாசகி, வேலந்தாவளம்

பதில்: 1932-ல் அமெரிக்க உளவியலாளர் லைக்கர்ட், எவ்வளவு ஒப்புகிறீர்கள் என்று கட்டம் கட்டமாகக் கேட்கும் இந்த முறையைக் கொண்டுவந்ததிலிருந்து நடக்கிற சண்டை இது. செல்போனில் நிரப்புகிறவர்கள் என்றால் 5 போதும், 7 கட்டம் சின்னத் திரையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் எழுதுங்கள், வெறும் எண் மட்டும் போட்டால் சிலர் 1-ஐ முதல் ரேங்க் என்று எடுத்துக்கொள்வார்கள்.